இடது தாங்கி

உரும்பிராய்க்குள் விமானம் இறக்கியவன் யாரென்று கேட்டால், பத்து வருடம் கழித்தும் ஆட்கள் சீவரத்தினத்தைத்தான் கைகாட்டினார்கள். வானத்தில் போகவேண்டிய சாமான் வெங்காயத் தோட்டத் தறைக்குள் வந்து குந்தினால் ஊர் சும்மா இருக்குமா? கோயில் வீதியிலும் சந்தையிலும் அதே கதைதான். அந்தக் கதையில் ஒரு பொய் இருந்தது. அது தனக்கு மட்டுந்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

1983 பங்குனி. அவனுக்கு இருபத்திரண்டு வயது. கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். தனியாக, ஊருக்குக் கிட்டவுள்ள பலாலி விமானத்தளம்வரை பறக்க அனுமதி கிடைத்ததும் தாய் இரத்தினம்மாவுக்குக் கடிதம் போட்டான். புதன்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு மேலால் வருவேன், அடையாளத்துக்குக் கிணற்றடியில் வெள்ளைச் சீலை விரித்து வையுங்கோ என்று எழுதினான். இரத்தினம்மா அந்தக் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு அயலெல்லாம் வாசித்துக் காட்டினா. மாப்பிள்ளை நடந்து வரவே நிலபாவாடை விரிக்கிற ஊர் அது. பறந்து வருகிறவனுக்கு விரிக்காமல் விடுமா? புதன்கிழமை காலை ஒழுங்கை முழுக்கக் கிணற்றுக்கொரு வெள்ளைத் துணி கிடந்தது.

மேலேயிருந்து பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. எது அம்மாவுடைய சீலை? தாழப் பதிந்து ஒரு வட்டம் அடித்தான். பிறகு இன்னொன்று, இன்னுமொன்று. அந்த விமானத்துக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எண்ணெய்த் தாங்கிகள். இடது தாங்கி குறைந்ததும் காலடியிலுள்ள குமிழை வலதுக்குத் திருப்ப வேண்டும். மன்னாருக்கு மேலேயே திருப்பியிருக்க வேண்டியவன், சீலை நினைவில் மறந்துபோனான். நாலாவது வட்டத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

அதற்குப் பிறகு அவன் செய்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினான். பலாலிக்குத் திரும்ப ஆசைப்படவில்லை. வாழைத் தோட்டத்தை விட்டு, பனைகளை விட்டு, வெங்காயம் கிண்டி வெறுமையாய்க் கிடந்த செம்மண் தறையைத் தெரிந்தெடுத்தான். சக்கரம் பட்டது, குதித்தது, வரம்பில் மோதி முன்சக்கரம் முறிந்தது. புழுதி அடங்கியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தான். குமிழ் இன்னும் இடது பக்கம் நின்றது.

சனம் வேலி பாய்ந்து ஓடி வந்துகொண்டிருந்தது. அவர்கள் கிட்ட வருவதற்குள் குமிழை வலதுக்குத் திருப்பிவிட்டான். ஒரு விநாடி வேலை. விசாரணையில், எஞ்சின் நின்றவுடன் தாங்கியை மாற்றினேன், அப்படியும் பிடிக்கவில்லை என்றான். வலது தாங்கி நிறைய எண்ணெய், குமிழும் வலது பக்கம். அப்படியென்றால் பிழை எஞ்சினில். முதல்நாள் இரத்மலானையில் அதைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக் கனிசியஸ், பாசையூர்க்காரர். அவருக்கு வேலை போனது. சீவரத்தினத்துக்கு மாலை விழுந்தது. மாலையைக் கழுத்தில் வாங்கியபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் குனிந்துதான் வாங்கினான்.

ஆடியில் கலவரம் வந்தது. கொழும்பும் பறப்பும் அவனுக்கு அதோடு சரி. கனிசியஸைத் தேடிப் போகவேண்டும் என்று வருடா வருடம் நினைத்தான். நினைத்ததோடு சரி.

1993இல் அவன் திருநெல்வேலியில் கணக்கு ரியூசன் கொடுக்கிற மாஸ்டர். பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாத காலம். ஒரு மூடி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, சூடு ஏறியதும் குமிழைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். அன்று பின்னேரம் கிளப்பும்போது மேலே குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டது. மற்றவர்கள் பதுங்குகுழிக்கு ஓட, இவன் பழைய பழக்கத்தில் அண்ணாந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே மோட்டார் சைக்கிளை ஓட்டினான். விமானம் போய்விட்டது. பலாலி வீதியில் மோட்டார் சைக்கிளும் நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு போன முதல் கொட்டிலில் ஒருவர் குந்தியிருந்து நீரிறைக்கும் இயந்திரமொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தாலும் ஆளைத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. எழும்பி வந்து குனிந்து பார்த்தார். குமிழைத் திருப்பினார். சொட்டுப் பெற்றோல் விட்டு மிதித்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"குமிழைத் திருப்ப மறந்திட்டீர்," என்றார்.

சீவரத்தினம் குமிழைப் பார்த்தபடி சொன்னான்: "கனிசியஸ் அண்ணை, அண்டைக்கும் இதுதான் நடந்தது."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"பிளேனைக் கழட்டி லொறியிலை ஏத்த வந்தது நான்தானே. மேலை வைச்சுத் திருப்பியிருந்தா, காத்தாடி காத்திலை சுத்தின சுத்துக்கு வலது பக்கத்து எண்ணெய் எஞ்சினுக்கு வந்திருக்கும். எண்ணெய்க் குழாயைத் துறந்து பாத்தன், காஞ்சு கிடந்தது. நிலத்திலை வைச்சுத்தான் திருப்பியிருக்கிறீர்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நான் சொன்னா வேலை போற பயத்திலை சொல்லுறான் எண்டிருப்பினம். நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." கையைப் பழந்துணியில் துடைத்தார். "நல்ல பெடியன் எண்டு நினைச்சிருந்தனான்."

"இப்ப சொல்லுறன். ஆருக்குச் சொல்லவேணுமோ அவைக்கு எழுதித் தாறன்."

"எனக்கு இனி ஆரும் வேலை தரத் தேவையில்லை. என்னைப் பெத்த ஐயாவுக்குத்தான் ஒருக்காச் சொல்லியிருக்கலாம். நான் எவ்வளவோ சொன்னன், மனுசன் நம்பேல்லை. ஒரு பெடியனைக் கொல்லப் பாத்தவன் எண்டு கடைசிவரைக்கும் என்ரை கையாலை ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. போன மாசிதான் கண்ணை மூடினவர்."

பாசையூருக்குப் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். பத்து வருடமாக அந்த முக்கால் மணித்தியாலம் அவனுக்குக் கிடைக்கவில்லை. சீவரத்தினம் அழுதான். கனிசியஸ் அதைப் பார்க்காமல் திரும்பவும் இயந்திரத்தடியில் குந்தினார்.

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்காரப் போனான்.

"நிப்பாட்டாதையும்," என்றார் அவர், நிமிராமலே. "திருப்பிக் கிளப்ப என்னட்டைப் பெற்றோல் இல்லை. நீர் போம்."