இரண்டு டப்பா, ஒரே ரிசல்ட்

சிதம்பரத்தில் உத்திராபதியைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தாறு வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜெண்ட். "நாளைக்கு என்ன ஆவும்னு யாருக்கு சார் தெரியும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாரென்றால், கல்யாணமாகி ஒரு மாதமே ஆன மாப்பிள்ளைகூட வியர்த்துப்போய்க் கையெழுத்துப் போடுவான். ஊருக்கெல்லாம் சாவைக் காட்டிச் சோறு தின்ற அந்த மனுஷன், விரல் நீள பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பயந்து செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அவருடைய அண்ணன் ராமாமிர்தம் பெண்ணாடத்தில் இருந்தார். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று சொல்லிக்கொண்டு, சூடு தணிய மோரும் கருணைக்கிழங்குமாக ஒன்றரை வருஷம் ஓட்டினார். குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. போன தையில் போய்ச் சேர்ந்தார். வைத்தியம் பார்த்த கடலூர் டாக்டர், கருமாதி முடிந்த கையோடு உத்திராபதியைக் கூப்பிட்டார். கூடப் பிறந்தவர்கள் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

உத்திராபதிக்கு முகம் சுருங்கியது. பின்பக்கம் குழாயா? நாலு பேருக்குத் தெரிந்தால் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? முதலில் மார்ச் மாதம், ஏஜெண்டுக்கு மூச்சு விட நேரமில்லை என்றார். பிறகு அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன் என்றார். காப்பு அவிழ்த்த பிறகு, தினமும் காலையில் ஒழுங்காகப் போகிறது, எனக்கென்ன நோய் என்றார். உள்ளபடி அவர் கணக்கு ஒன்றுதான்: பார்த்தால் இருக்கும், பார்க்காவிட்டால் இருக்காது.

"ஒங்க அண்ணனும் இப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றாள் மனைவி மலர்க்கொடி.

டாக்டரும் சலித்துப்போனார். குழாய்க்கு வர மனசில்லையென்றால் மலத்தையாவது கொடுங்கள், ரத்தம் கசிகிறதா என்று பார்க்கலாம் என்று இரண்டு டப்பாக்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று மலர்க்கொடிக்கு. அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

மலர்க்கொடி மறுநாளே வேலையை முடித்து, மூடி, பேர் எழுதி வைத்துவிட்டாள். உத்திராபதி டப்பாவோடு கக்கூஸில் அரைமணி நேரம் இருந்தார். முடியவில்லை. அருவருப்பாம். அதனால் என்ன செய்தார் தெரியுமா? மனைவியின் டப்பாவைத் திறந்து, பாதியைக் குச்சியால் எடுத்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். தன்னுடையதைத் தொடக் கூசியவருக்கு மனைவியுடையது கூசவில்லை. இரண்டையும் ஒரு ஸ்வீட் கடைப் பையில் போட்டு, கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, நிம்மதியாக டீ குடித்தார்.

நாலாம் நாள் போன் வந்தது. இரண்டிலும் ரத்தம் இருக்கிறது, இருவரும் குழாய்ப் பரிசோதனைக்கு வரவேண்டும்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் உன்னுடையதுதான், நீ உடனே போ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தன் டப்பாவை மறுபடி நீட்டுவார்களே! "மெஷின் கோளாறு மலரு," என்றார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எப்பிடி வரும்? நீயே யோசிச்சுப் பாரு."

பேசியே கையெழுத்து வாங்குகிற வாய். மலர்க்கொடிக்கும் நியாயமாகத்தான் பட்டது, விட்டுவிட்டாள். ஏழு வாரம் போயிற்று. மாடிப்படியில் அவள் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் உத்திராபதி அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். டப்பா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் காயத்ரி மூன்றாவது தடவை கூப்பிட்டபோது போனை எடுத்தது மலர்க்கொடி. "மெஷின் கோளாறான்னு நேர்லயே பாத்துடலாம்" என்று இரண்டு பேருக்கும் அவளே நாள் வாங்கினாள்.

முந்தின நாள் பேதிமருந்து குடித்து, காலி வயிற்றோடு இருவரும் கடலூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காயத்ரி முதலில் உத்திராபதியைக் கூப்பிட்டுப் பச்சை அங்கியை நீட்டினாள். அதன் பின்பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயிலிருந்து உண்மை வந்தது.

"எனக்கு வாணாம்மா. அது என்னோடது இல்ல. ரெண்டும் இவளோடது. நான்தான் எடுத்துப் போட்டேன்."

காயத்ரி இதைவிட நல்ல சாக்கெல்லாம் கேட்டிருந்தாள். "பயப்படாம வாங்க சார்" என்றாள். ஆனால் மலர்க்கொடி நம்பிவிட்டாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள்.

"அப்ப மெஷினு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். அவள் அந்த அங்கியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். குடலில் ஒரு கட்டி, சின்னது என்று சொல்ல முடியாது. அதில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பத்து நாளில் தெரியும். அதைக் கேட்க உத்திராபதி அங்கே இல்லை. எதிர் ஓட்டலில் நாலு இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்து, "சாப்பிட்டுட்டேன் டாக்டர், இன்னிக்கி எனக்கு முடியாதில்ல?" என்றார். இதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

மயக்கம் தெளிந்து வந்த மலர்க்கொடியிடம் டாக்டர் எல்லாம் சொல்லியிருந்தார். படியிறங்கக் கை கொடுத்தார் உத்திராபதி. அவள் காயத்ரியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"நாளைக்கு என்ன ஆவும்னு யாருக்குத் தெரியும்னு ஊரெல்லாம் போயி சொல்றீங்க. எனக்கு என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. ஏழு வாரம் தெரிஞ்சிருந்துது."