வினாடிக்கு அறுபது

டல்லஸ் ஜாலி என்பவன் தோற்க ஆரம்பித்தது ஜூன் மாதத்தில். அதற்கு முன் பதினோரு வருடமாக, ஞாயிறு மதியங்களில் அவனுடைய ஷெட்டில் அவனும் தங்கை மெரினும் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் ஸ்டியரிங் பொருத்திக் கார் பந்தய விளையாட்டு ஓட்டுவார்கள். பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். நிஜமான மண் தடத்தில் கார் ஓட்டியவன் அவன். முழங்கால் போன பிறகு, போர்ட் பிரீ ஊரின் உருக்காலை வேலையும் இந்த விளையாட்டும்தான் மிச்சம்.

இப்போது வளைவுக்கு வளைவு தாமதமாகத் திருப்பினான்.

"என்னடா, தூங்கிட்டே ஓட்டுறியா?"

"உனக்கென்னடி, புது ஸ்கிரீன். என்னோடதுல படம் திக்கித் திக்கி வருது. கிராபிக்ஸ் கார்டு மாத்தினா சரியாயிடும். கடைக்கு நீயே தூக்கிட்டுப் போயேன்."

சோம்பேறி என்று திட்டிக்கொண்டே மெரின் கணினியைக் காரில் ஏற்றினாள். எல்லன் தெருவில் கடை வைத்திருந்த ரொவீனா அதை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"வீட்ல ஸ்கிரீன் எது?"

"பழசு. அறுபது ஹெர்ட்ஸ்."

"அப்ப புதுக் கார்டு வேண்டாம் மெரின். ஸ்கிரீன் செகண்டுக்கு அறுபது தடவைதான் படத்தை மாத்தும். இந்தப் பழைய கார்டே தொண்ணூறு படம் அனுப்புது. புதுசு நூத்தைம்பது அனுப்பினாலும் அந்த அறுபது அறுபதுதான். கார்டு மாத்தி ஸ்கிரீன் வேகத்தைக் கூட்ட முடியாது."

"போட்டுக் குடுத்துடு. இல்லேன்னா என்னை நிம்மதியா விடமாட்டான்."

அடுத்த ஞாயிறு புதுக் கார்டோடு ஓட்டினான். மூன்று பந்தயம், மூன்றிலும் தோல்வி.

"ஸ்கிரீன்தான்டா காரணம். ரொவீனா அப்பவே சொன்னா," என்றாள் மெரின். "வா, என் இடத்துல உட்காரு. என்னோடது நூத்தி நாப்பத்தி நாலு. நான் உன் ஓட்டை ஸ்கிரீன்ல ஓட்டுறேன்."

இடம் மாறினார்கள். படம் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவன் பதினொரு வினாடி பின்தங்கி வந்தான்.

மெரின் திரும்பிப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. சாயங்காலத் தேநீரைக் கொஞ்ச நாளாக அவன் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு ஓட்டலாம்," என்றாள். கடைசி வளைவில் பிரேக்கை அழுத்தி, கார் சுழன்று நிற்கும்படி விட்டாள். அவன் கார் கடந்து போய் முதலாவதாக முடித்தது.

அவன் சிரிக்கவில்லை. "பிரேக் போட்டே."

"இல்லடா, வழுக்கிடுச்சு."

"எங்கிட்ட பொய் சொல்லாத மெரின்." கைகளை மடியில் வைத்துக்கொண்டான். "அடிலெய்டு டாக்டர் ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க. நரம்பு செத்துக்கிட்டே வருதாம். முதல்ல கை. அப்புறம் ஒண்ணொண்ணா எல்லாம். மருந்து கிடையாது."

"ஏப்ரல்லயா? அப்புறம் எதுக்குடா கார்டு?"

"கார்டா இருக்கும்னு நெனச்சேன். அது இல்லேன்னதும் ஸ்கிரீனா இருக்கும்னு நெனச்சேன். ஏதோ ஒண்ணு பழுதா இருந்தா, டாக்டர் தப்பா சொல்லிட்டாங்கன்னு ஆயிடும்ல."

மெரின் அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவன் கையைத் தூக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டான்.

கிறிஸ்துமஸுக்குள் அவனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போனது. அவள் ஓட்டினாள், அவன் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து சொல்லிக்கொடுத்தான்.

"இப்ப திருப்பு... மெதுவாடி, என்ன, உங்கப்பன் போட்ட ரோடா?"

"உனக்கும் அவர்தான்டா அப்பன்."

ஈஸ்டர் வரும்போது பேச்சு குழறியது. அவன் சொன்னது அவளுக்கு மட்டும்தான் புரிந்தது. ஒரு ஞாயிறு இருபத்தி நாலு பேர் ஓட்டிய பந்தயத்தில், அவன் குழறலைக் கேட்டுக் கேட்டே மூன்றாவதாக வந்தாள். அவன் சிரித்துச் சிரித்து மூச்சு முட்ட, அவள் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டில், ஒரு வியாழன் காலை, ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். செய்தி கேட்டு ரொவீனா வந்தபோதும் மெரின் அவன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.