கிளட்ச்சைப் பிடித்த கை

மூன்றாவது தடவையும் டியூபில் குமிழி வந்தது. நர்ஸுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் சிமெண்ட் தரையில் குந்தியிருந்தாள். என்ஜின் ஓரத்தில் இருக்கும் கிளட்ச் சிலிண்டரின் கிழிந்த ரப்பரைக் காலையிலேயே மாற்றியாகிவிட்டது. மிச்சம் ஒரே வேலைதான்: ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றணும். அதற்கு ரெண்டு பேர் வேணும். மேலே ஒருத்தர் இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் லீவரை அழுத்திப் பிடிக்க, கீழே இவள் டியூப் மாட்டிய நிப்பிளை, அந்தச் சின்ன நட்டை, ஸ்பானரால் திறந்து, காற்று வந்ததும் மூடுவாள். மூடிவிட்டு 'விடுங்க' என்று சொன்ன பிறகுதான் மேலே இருப்பவர் விடணும். முந்திக்கொண்டு விட்டால் போச்சு, போன காற்று திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மேலே வண்டியில் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன். முடிதிருத்துகிறவர். கத்தரி பிடிப்பது இடது கையில் என்பதால் தெருவுக்கே அவர் 'இடதுகை'.

"முன்னாடியே விட்டுட்டீங்களா?"

"இல்லையே."

"பின்ன காத்து எங்கேர்ந்துங்க வருது, வானத்துலேர்ந்தா?"

"உன் நட்டு சரியில்லையோ என்னமோ."

நட்டாம், நட்டு! அவளுக்குத் தெரியாதா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை விடியற்காலை ஷிஃப்டில் சேரணும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, இந்த வண்டிதான் கதி. போகாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு வேலை போய்விடும். ஆர்டர் வந்ததிலிருந்தே மனுஷன் முகம் சரியில்லை. எது கேட்டாலும் ஒரு 'ம்'. கடையைப் பாதி நாளில் பூட்டிவிடுகிறார் என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் வேறு காதில் போட்டுவிட்டுப் போனார். சட்டையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, இப்போது தினமும் டி-ஷர்ட்தான். இந்த வயசில் யாருக்காம் இந்த மினுக்கு? அதே வாரம் பார்த்து கிளட்ச்சும் படுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் பொருந்தியது. இவள் சம்பாதிப்பது பிடிக்கவில்லை, அதை வாயால் சொல்லவும் தைரியமில்லை, அதான் வேணும்னே கிளட்ச்சை முந்தி விடுகிறார்.

சரி, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இந்தத் தடவை டியூபைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பது.

"பிடிங்க."

பிடித்தார். நிப்பிளைத் திறந்துவிட்டு சட்டென்று தலையைத் தூக்கினாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. லீவரைச் சுற்றியிருந்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. பிறகு சுண்டுவிரல் கழன்றது, அடுத்த விரல் கழன்றது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லீவர் தானாகத் திரும்பிப் போய்விட்டது.

அவள் நிப்பிளை மூடினாள்.

"எவ்வளவு நாளா?"

அவர் கையை மடியில் ஒளித்துக்கொண்டார். "கொஞ்ச நாளாத்தான். கத்தரியைக் கீழ போட்டுட்டேன். ஒருத்தர் காது தப்பிச்சதே பெரிய விஷயம்."

"வலது கையால பிடிச்சிருக்கலாமே?"

"ஏன்னு கேப்பே."

"கேட்டா சொல்றது! வீட்டுல நர்ஸை வச்சுக்கிட்டு யார்கிட்ட மறைக்கிறீங்க?"

"சொன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு என்னைக் கட்டிக்கிட்டு உக்காந்துருவே. நான் கடையை மூடிட்டா நாளைக்கு உன் சம்பளம்தானே..."

டி-ஷர்ட். அட கடவுளே, பட்டன்! பட்டன் போட முடியாத மனுஷனுக்கு இவள் எவளோ ஒருத்தியை ஜோடி சேர்த்து, மனசுக்குள்ளேயே அவளோடு சண்டையும் போட்டு முடித்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அவரை நாலு சாத்து சாத்தணும் போலவும் இருந்தது.

"இறங்குங்க," என்றாள். "ஸ்பானர் உங்க வலது கையில. மேல நான் பாத்துக்கறேன்."

இடம் மாறினார்கள். அவள் அழுத்திப் பிடித்தாள். அவர் திறந்தார், மூடினார். குமிழி குறைந்தது. இன்னும் சில தடவை செய்ததும் டியூபில் வெறும் ஆயில்தான் வந்தது.

"காத்தே இல்லை. மூடிட்டேன், விடு."

அவள் விடவில்லை.

"விடுன்னேன்ல?"

"காதுல விழுந்துச்சு. நாளைக்கு என் பின்னாடி உக்காந்து ஆஸ்பத்திரிக்கு வர்றேன், கையைக் காட்டறேன்னு சொல்லுங்க. அப்புறம் விடறேன்."

அவர் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கை வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குது. சொல்லுங்க."