ஐந்தே நிமிடத்தில் மருத்துவமனை

1

இந்தத் தலைப்பு கதைக்காக எழுதப்பட்டதல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உருவாகிவரும் ஒரு புது நகரின் மனை விற்பனை நோட்டீசுக்காக நான் எழுதியது. மருத்துவமனை இன்னும் கட்டப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். ‘விரைவில்’ என்றொரு சொல்லும் இருந்தது. இடம் போதவில்லை, எடுத்துவிட்டேன்.

2

போன வாரம் நோட்டீசின் இரண்டாம் பதிப்புக்காக அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். கம்பி வேலி, ஒரு பலகை, காவலுக்கு முனிசாமி. அவர் கையில் வருகைப் பதிவேடு. யார் வந்தாலும் எழுதி வாங்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு.

“பொட்டல்தானே, இங்க யார் வரப்போறாங்க?”

“இன்னா சார் அப்டி சொல்ட்ட? நோட்டீச பாத்துட்டு ஆஸ்பத்திரின்னு வந்துகினேதான் கீறாங்க. இதுவரிக்கும் பதினாறு பேரு.”

‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் காய்ச்சல், நாய்க்கடி, பல்வலி என்று இருந்தது. கடைசி வரி முந்தின நாளுடையது: செல்வராஜ். கார். மனைவி பிரபாவதிக்கு மார்வலி. உள்ளே 11.10. வெளியே 11.13.

3

(அந்த மூன்று நிமிடத்தை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பிரபாவதியின் கண்களில் மரணத்தின் நிழல்...’ வேண்டாம். முனிசாமி சொன்னது அப்படி இல்லை.)

செல்வராஜ் ஓடிவந்து, “எமர்ஜென்சி எந்தப் பக்கம்?” என்றிருக்கிறார். முனிசாமி பழக்கதோஷத்தில் பதிவேட்டை நீட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் நோட்டு என்று நினைத்து, செல்வராஜும் ஒவ்வொரு கட்டமாக நிரப்பியிருக்கிறார். கையெழுத்தும் போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

“இங்க ஒண்ணியும் இல்ல, செங்கல்பட்டுக்கு வுடு சார்னு சொன்னேன். அந்தம்மா சீட்டுல சாஞ்சிகினு போர்டையே பாத்துகினு இருந்துச்சு.”

பலகையில் இருப்பதும் என் வாசகம்தான்.

4

முடிவுகள்:

அ) சரியான நேரத்தில் செங்கல்பட்டில் சேர்த்துவிட்டார்கள். பிரபாவதி இன்று கஞ்சி குடிக்கிறார். உப்பு இல்லை என்று குறை சொல்கிறார்.

ஆ) கார் திருக்கழுக்குன்றம் தாண்டியதும்

(இதை முடிக்கப் பலமுறை உட்கார்ந்தேன். முடியவில்லை.)

5

பதிவேட்டைப் பற்றிக் கம்பெனி மேலாளரிடம் சொன்னேன். மகிழ்ந்துபோனார். ‘திறக்கும் முன்பே மக்கள் தேடிவரும் மருத்துவமனை’ என்று போடலாமே என்றார். நானும் குறித்துக்கொண்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

செல்வராஜின் கைபேசி எண் பதிவேட்டில் இருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே அழைப்பில் கதைக்கு முடிவு கிடைத்துவிடும். ஆனால், “நீங்க யாரு?” என்று கேட்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

எண்ணைத் தருகிறேன், நீங்கள் அழையுங்கள். அந்தம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் என்னிடம் ‘அ’ என்றே சொல்லிவிடுங்கள். நம்பிக்கொள்கிறேன். செல்வராஜும் என்னை நம்பித்தான் காரை எடுத்தார்.