சுவர் ஷாட்

ஆறேமுக்கால் அடி உயரத்தில் ஒருவன் வந்து நின்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வயதிலேயே தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் ஒரு வருட ஒப்பந்தம். அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார். களத்தில் இறக்கிவிட்டால் போதும், யார் என்று காட்டிவிடலாம் என ஏணியும் நம்பினான்.

காட்டுவதற்கு அவனிடம் ஒன்று இருந்தது. வீட்டு வாசலில் மாட்டிய கூடைக்கு வலப்பக்கம் அண்டை வீட்டுச் சுவர். முழங்கை இடிக்கும். அதனால் இடது காலால் எம்பி, உடம்பை இடப்பக்கம் சாய்த்து வீசப் பழகிக்கொண்டான். அப்படி வீசினால் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். தங்கச்சி அதற்குச் 'சுவர் ஷாட்' என்று பெயர் வைத்துப் போனில் வீடியோவும் எடுத்து வைத்திருந்தாள்.

அணியில் கிடைத்த வேலையோ வேறு. அடுத்த ஆட்டத்தில் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் எப்படி ஆடுவானோ, அதைப் பயிற்சியில் இவன் ஆடிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் இவனை மறித்துப் பழகுவார்கள். துணைக் கோச் தரும் வீடியோவை ஏணி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். எந்தக் காலை முதலில் வைக்கிறான், தோள் எப்போது திரும்புகிறது என்று கவனித்து, மறுநாள் அச்சு அசலாக அவனாகவே வந்து நிற்பான். புதிதாக வந்த பையன், நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டான், பாவம். அரைகுறையாகச் செய்திருந்தால் வேறு எவன் தலையிலாவது கட்டியிருப்பார்கள். உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததுமே, "இன்னிக்கு நீ யாருடா?" என்பார்கள். இவனும் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்வான். ஆட்டத்தன்று மட்டும் பெஞ்சில் ஏணியாக உட்கார்ந்திருப்பான்.

கடைசி ஆட்டத்தில் இரண்டு பேருக்குக் கால் பிசகியது. வேறு வழியில்லாமல் கோச் இவனை அனுப்பினார். வருடம் முழுக்கக் காத்திருந்தது இதற்குத்தான். மூலையில் ஆளே இல்லாமல் நின்றவனுக்குப் பந்து வந்தது. சுவர் ஷாட்டுக்கென்றே அளந்து வைத்த இடம். எம்பினான். எம்பியது வலது கால். பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதோடு கோச் இவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். ஆட்டம் பார்க்க வந்திருந்த தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் ஒவ்வொரு தடவையும் பந்தைப் போட்டதும் காதைத் தொட்டே?"

வலது காலால் எம்புவதும் காதைத் தொடுவதும் எதிரணிக் கேப்டனின் பழக்கம். அந்த வாரம் முழுவதும் இவன்தான் அந்தக் கேப்டன்.

இரண்டு நாள் கழித்துக் கோச் கூப்பிட்டார். கழற்றிவிடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனான். கோச்சோ காகிதத்தை முன்னால் தள்ளினார். இன்னும் இரண்டு வருடம்.

"நீ இல்லாம பிராக்டீஸ் நடக்காதுப்பா. உன்ன மாதிரி செய்ய ஆள் கிடையாது."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேறு அணி கூப்பிடுமா? எதைப் பார்த்துக் கூப்பிடும்? அந்த மூன்று ஷாட்டையா? கையெழுத்துப் போட்டான். அப்பா மறுபடியும் எல்லோருக்கும் போன் போட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில், அதே சுவர் ஓரமாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். கால் தடுமாறியது. வலதா, இடதா? நான்கு முறை எம்பினான், நான்கும் யார் யாருடையதோ. தங்கச்சியிடம் அந்தப் பழைய சுவர் ஷாட் வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். ஓட விட்டான், நிறுத்தினான், பின்னால் தள்ளி மறுபடி ஓட விட்டான்.

"இவன் தோள எப்போ திருப்புறான்?" என்று கேட்டான்.