ஆந்த்ரே விளக்கு இறக்குவதில்லை

சுடலைக்குமார் ஒரு கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே, மறுகையிலிருந்த பென்சிலால் நாவலின் ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதினான். இரண்டு வரி தள்ளி இன்னொரு ‘பொய்’.

“ண்ணே, அது லைப்ரரி புக்கு” என்றாள் காவியா.

“லைப்ரரி புக்குன்னா பொய்ய விட்ரணுமா?”

எங்கோ பனி விழும் நகரத்தில் நடக்கும் கதை. தமிழில் வந்திருந்தது. ஆந்த்ரே என்ற தீயணைப்பு வீரன், அவன் எரியும் வீட்டிலிருந்து தூக்கிவந்த லீனா, இருவருக்கும் நடுவே வளர்ந்த காதல். காவியா இரண்டு முறை படித்துவிட்டாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடும்போதுகூட அந்த நகரத்துத் தெருக்களில்தான் நடந்துகொண்டிருப்பாள். அண்ணனும் ஏழு வருடமாகத் தீயணைப்பு வீரன்தான் என்பது அவ்வப்போது மறந்துபோகும். ஆந்த்ரேயின் சட்டையில் புகை வாசனை. அண்ணன் சட்டையில் பெரும்பாலும் ஆட்டு வாசனை. இந்தக் கரிசல் காட்டில் தீயைவிடப் பாழுங்கிணறுகள்தான் அவனை அதிகம் கூப்பிட்டன.

“எங்கன பொய்யி? சொல்லு பாப்போம்.”

“இந்தா பாரு. கதவத் தொட்டுக்கூடப் பாக்காமத் தெறக்கான். அந்தால தீ மூஞ்சியில அடிச்சிருக்கும். பொறவு மாடியில நின்னுக்கிட்டு ஒரு பக்கத்துக்கு வசனம். புகைக்குள்ள வாயத் தொறந்தா இருமல்தான் வரும், காதலா வரும்?”

அடுப்படியில் அம்மா பாலம்மாள் சிரித்தாள்.

“லீனாவ மட்டும் நம்புதேன்” என்றான் அவன். “அவன் வீட்டுக்கு வார வரைக்கும் லைட்ட அணைக்காமக் கெடக்கா பாரு. நம்ம அம்மையும் அப்படித்தான்.”

காவியாவுக்குச் சுருக்கென்றது. “உனக்குப் பொறாமைண்ணே. நீ ஆடு தூக்குத ஆளு. கயித்துல விளக்கக் கட்டிக் கிணத்துக்குள்ள எறக்கி, விஷக்காத்து இருக்கான்னு, அது எரியுதா அணையுதான்னு பாத்துக்கிட்டே நிப்பே. ஆந்த்ரே அப்படி நிக்கமாட்டான். சத்தம் கேட்டா போயிருவான்.”

ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தருகிறவன் அன்று பென்சிலை உள்ளே செருகிப் புத்தகத்தை மூடினான்.

“மிச்சத்த ஸ்டேஷன்ல வச்சுப் படிக்கேன்” என்று பையில் போட்டுக்கொண்டான். “வாரேம்மா.”

வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

பதினொன்றரை மணிக்குத் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு கம்பெனியைத் தாண்டிப் போனது. பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள். வீட்டுக்கொருத்தி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஊர். வண்டி போனால் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள். நான்கு பக்கமும் பார்த்தார்கள். வெளுத்த வானத்தில் எங்கும் புகை இல்லை.

“புகையக் காணும். அப்ப கிணறாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வேலை பார்க்கும் கல்யாணசுந்தரி திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

மணிச்சத்தம் புதூர் ரோட்டில் தேய்ந்து மறைந்தது. புகை தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று காவியாவுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

இரண்டரை மணிக்குத் தீயணைப்பு வண்டி டிரைவர் நல்லக்கண்ணு கம்பெனி வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை. முழங்கால்வரை கறுப்பு மண் அப்பியிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே, கல்யாணசுந்தரி காவியாவின் கையிலிருந்த மிட்டாயை மெல்ல வாங்கித் தட்டில் வைத்தாள்.

மறுநாள் மதியம்தான் சுடலைக்குமாரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு காயமும் இல்லை. ஒரு முடிகூடக் கருகவில்லை. தலைமாட்டில் விளக்கேற்றி, அணையாமல் பார்த்துக்கொள்ளும்படி காவியாவை உட்காரவைத்தார்கள்.

“ஆட்டுக்காகவா ஒரு உசுரு போவும்?” என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

நல்லக்கண்ணு, பாலம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதையே மறுபடியும் சொன்னார்.

“முப்பதடி கீழ, படி இடிஞ்ச எடத்துல தாயாடு நின்னுச்சு. அத அலுங்காமத் தூக்கிட்டு வந்துட்டான். ஆடு கத்திக்கிட்டே இருந்துச்சுல்ல, அதான் உள்ள நல்ல காத்துன்னு எல்லாரும் நெனச்சுட்டோம். அதுக்கும் கீழ குட்டி கெடந்து கத்துச்சு. ‘இருடே, விளக்க எறக்கிப் பாப்போம், மூச்சுச் சிலிண்டரும் வரட்டும்’னேன். நூறு கிணறு எறங்கியிருப்பான் மதினி, ஒருக்காகூட விளக்கு எறக்காமக் கால் வச்சதில்ல. என்னையப் பாத்துச் சிரிச்சான். ‘சத்தம் கேட்டா போயிரணும் அண்ணாச்சி’ன்னான்.”

காவியாவின் கையில் எண்ணெய்க் கிண்ணம் அப்படியே நின்றது.

“பொறவு?” என்றாள் பாலம்மாள்.

“கால் பட்டு அடிச்சகதி கலங்கி விஷக்காத்து கெளம்புச்சோ என்னமோ, குட்டிச் சத்தம் நின்னுபோச்சு. இவனக் கூப்பிட்டோம். கயித்த இழுத்தோம். கனம் மட்டுந்தான் வந்துச்சு.”

“எம்பிள்ள அப்படிச் செய்யமாட்டானே.” பாலம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னாள். “அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லியே. நம்பும்படியாவா இருக்கு?”

“அதான் எனக்கும் வெளங்கல” என்றார் நல்லக்கண்ணு. “எங்கேர்ந்து புடிச்சான்னே தெரியல அந்தப் பேச்ச.”

காவியா நிமிர்ந்தாள். அம்மாவின் கண்கள் அவள்மேல் வந்து நின்றன. ஏதோ கேட்கப்போவதுபோல இருந்தது. காவியா வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து திரியைத் தூண்டினாள். சுடர் நேராக, சிறு நடுக்கமும் இல்லாமல் எரிந்தது.

ஸ்டேஷனிலிருந்து வந்த அவன் பை மூலையில் கிடந்தது. பெண்கள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நாவலை வெளியே எடுத்தாள். பென்சில் நாற்பது பக்கம் தள்ளியிருந்தது. வீட்டில் படித்தவரை பக்கத்துக்கு இரண்டு ‘பொய்’. ஸ்டேஷனில் படித்த நாற்பது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆந்த்ரே குழந்தையின் அழுகையைக் கேட்டு முகமூடி போடாமல் ஓடும் இடமும் அதற்குள்தான் இருந்தது. அந்த நாற்பதையும் திரும்பவும் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எழுதி அழித்த தடம்கூட இல்லை.

தூக்கும் நேரத்தில் வாசலில் சலசலப்பு. அந்தக் கிணறு இருந்த காட்டுக்குச் சொந்தக்காரி வெயிலுகந்தம்மாள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பிடித்த கயிற்றில் அந்தத் தாயாடு. மடி கல்லாகக் கட்டி, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

“இத எங்க தொழுவுல கட்ட மனசு வரல தாயி” என்று பாலம்மாள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “ராவெல்லாம் குட்டியத் தேடிக் கத்துது. உங்க பிள்ளை கையால வந்த உசுரு. உங்க வாசல்லயே நிக்கட்டும்.”

அந்த நேரத்தில் பாடையைத் தூக்கிவிட்டார்கள். அழுகைக்கு நடுவே யாரோ ஆட்டுக்கயிற்றைக் காவியாவின் கையில் திணித்தார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். காக்கிச் சட்டைகள் சூழ, பூவை உதிர்த்துக்கொண்டே ஊர்வலம் வெயிலுக்குள் நகர்ந்தது. கொட்டுச் சத்தம் தூரப் போகப்போக, ஆடு கத்துவது மட்டும் தெருவில் பெரிதாகக் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது. ஆடு தலையைத் தாழ்த்தி, ரோட்டில் கிடந்த ஒரு சாமந்தியை முகர்ந்து தின்றது. ஓரடி வைத்து அடுத்ததைத் தின்றது. உதிர்ந்த பூக்களின் வழியே ஒவ்வொன்றாக, அவன் போன திசையில் போய்க்கொண்டிருந்தது. கயிறு காவியாவின் கைக்குள் மெல்ல நழுவி நீண்டது. கடைசி முடிச்சு வந்து விரல்களில் தட்டியது.

அவள் இழுக்கவில்லை.