மாதிரித் திடலில் அவரை

மானுடத்தின் உணவு வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி ஒன்று, இந்த ஆடி மாதம், பாப்பாரப்பட்டிக்கு மேற்கே மதலைமுத்துவின் ஒன்றேகால் ஏக்கர் கொல்லையில் நடந்தேறியது. ஏரைப் பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்ததால் மதலைமுத்துவுக்கு அது தெரியவில்லை.

பின்னால் உழவுச் சாலில் விதை போட்டு வந்தவர் மனைவி புஷ்பமேரி. அரசாங்கத்தின் மாதிரித் திடலுக்கு அந்தக் கொல்லை தேர்வாகியிருந்தது. தனிக் கேழ்வரகு, வேறு பயிர் கூடாது என்ற படிவத்தில் மதலைமுத்து கையெழுத்துப் போட்டிருந்தார். திடல் தேறினால் பண்ணைக்குட்டை வெட்டித் தருவார்கள். போர்க்கிணறு வற்றி மூன்று வருடமான கொல்லைக்கு அதுதான் கதி. ஆனால் புஷ்பமேரியின் கை படிவம் எதையும் படித்ததில்லை. ஆறு சால் கேழ்வரகு போனால் ஏழாவதில் அவரை போடுவது அதன் வழக்கம். போட்டுவிட்டது.

கேழ்வரகுக்கு நடுவே அகல இலைகள் தலை நீட்டியபோது மதலைமுத்துவுக்கு வியர்த்தது. பிடுங்கி எறியப் போவதாகச் சொன்னார்.

"புடுங்குங்க. கொழம்புக்கு உங்க படிவத்தக் கிள்ளிப் போட்டுக்கறேன்."

அவர் பிடுங்கவில்லை. அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். டீக்கடையில் தன்னை மாதிரி விவசாயி என்று சொல்லிக்கொள்வதையும் நிறுத்திவிட்டார்.

புரட்டாசியில் வேளாண் அதிகாரி மாதவராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். கொல்லைக்குள் நாலடி வைத்தவர் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

"அவரைங்க," என்றார் புஷ்பமேரி, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

இன்னும் வெட்டாத குட்டையை மதலைமுத்து மனசுக்குள்ளேயே மண் தள்ளி மூடினார்.

மாதவராஜ் போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது. தானியத்தோடு பயறுவகையும் சேர்ந்த திடல் ஒன்றை இந்த மாதத்துக்குள் காட்டியே ஆக வேண்டும் என்று போன வாரம் மேலிடத்து உத்தரவாம். எட்டு ஊர் அலைந்தும் கிடைக்கவில்லையாம். உடனே ஒரு சொற்பொழிவு. அவரை வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், வானம் ஏமாற்றினால் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும், இப்படிப்பட்ட புதிய தொழில்நுட்பத்தைப் பெண்கள் மெல்ல மெல்லவாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று புஷ்பமேரியைப் பார்த்தே முடித்தார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கிழக்கோரம் அதிகாரியின் கண்ணில் பட்டது. பதினைந்து சால், வெறும் கேழ்வரகு.

"இங்க மட்டும் ஏன் அவரை இல்லீங்க?"

மதலைமுத்து குனிந்து, சாய்ந்திருந்த கேழ்வரகுத் தாள் ஒன்றை நிமிர்த்திவிட்டார்.

"ஓ, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வுட்டு வெச்சிருக்கீங்களா?" அதிகாரியின் குரலில் மரியாதை ஏறியது. "ஒப்பீட்டுப் பகுதி" என்று எழுதிக்கொண்டார். விவசாயியின் ஆராய்ச்சி மனப்பான்மை குறித்து இரண்டு வரி கூடுதலாகவும் எழுதினார். குட்டைக்கான தாளில் அங்கேயே, ஜீப்பின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் மறைந்ததும் மதலைமுத்து வரப்பில் உட்கார்ந்து, இரண்டு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சை விட்டார். கட்டிய நாளிலிருந்து பார்த்த மனைவியை இப்போது புதிதாகப் பார்த்தார். இத்தனை யோசனையா இவளுக்கு?

"அந்த ஓரத்த எதுக்கு புஷ்பா வெறுமனே வுட்ட?"

"வெதை தீந்துபோச்சுங்க."